படி எடுக்கக் கூடாது

படிக்கலாம்,
படி எடுக்கக் கூடாது
என்றாள் பதிவேட்டு அறைப் பெண்மணி.
பேனா வைத்திருக்கிறாயா?
வைத்திருந்தேன். மகனுடையது.
மூடியைக் கடித்துக் கடித்துத்
தட்டையாக்கி வைத்திருக்கிறான்.

ஹொர்னாத் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
இந்த ஒரு மருத்துவமனைதான்.
அம்மா என்னைப் பெற்றது இங்கே.
நான் பெற்றதும் இங்கேதான், இரண்டு முறை.
இரண்டோடு போதும் என்று
யாரோ முடிவெடுத்ததும் இங்கே,
என்னிடம் மட்டும் சொல்லாமல்.

பதினோரு வருடம்
குறை என் உடம்பில்தான் என்றிருந்தேன்.
லெவோச்சா மலை ஏறி மாதாவுக்கு
எத்தனை மெழுகுவத்தி.
பாவம், மாதாவுக்குத் தெரிந்திருக்கும்,
கோப்பு அவளிடமும் இல்லை.

ஏன் கூடாது? கேட்டேன்.
உன் நன்மைக்குத்தான் ஜானெட்டா,
தப்பானவர்கள் கையில் போய்விட்டால்?
என் கையைப் பார்த்தேன்.
உருளைக்கிழங்கு மண் நகத்தடியில் இருந்தது.
வேறு குறை தெரியவில்லை.

நடைக்கூடத்தில் ஜெராக்ஸ் இயந்திரம்.
யாருடைய ஓய்வு விருந்துக்கோ
அழைப்பிதழ் எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
போகிற போக்கில் தொட்டுப் பார்த்தேன்,
சூடாக இருந்தது.

நாற்பத்து மூன்று தாள்.
மதியம் இரண்டு மணிவரை நேரம்.
தாளுக்குத் தாள் என் பெயர்,
ஓரிடத்தில் தப்பும் தவறுமாக.
பெரிய டாக்டர் வட்டார டாக்டருக்கு
எழுதிய கடிதம் ஒன்று:
அன்புள்ள சகாவே,
நோயாளியை அனுப்பியதற்கு நன்றி,
ரோமா, சுத்தம் சுமார், ஒத்துழைத்தார்.
அடுத்த தாளில் அவர் பதில்:
கவனித்துக்கொண்டதற்கு நன்றி.
என்னை வைத்து இருவர்
ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி முடித்திருக்கிறார்கள்.
அதையும் எழுதிக்கொண்டேன்,
கமா விடாமல்.

அப்புறம் லத்தீன்.
தலையெழுத்து தலையெழுத்து என்கிறோமே,
அது லத்தீனில் இருக்குமென்று
யாரும் சொல்லவில்லை.
புரியாததை எழுத முடியாது, வரைந்தேன்.
கொக்கி, வளையம், மேலே ஒரு புள்ளி.
டாக்டரின் கையெழுத்தை
கோழி கிளறியது கிளறியபடி.

தாள் முப்பத்தொன்று.
6.40. வலி நான்கு நிமிடத்துக்கொரு முறை.
மயக்கத்துக்கு முன்னூசி போட்டாயிற்று.
6.50. நோயாளி தாமே கேட்டுக்கொண்டதன் பேரில்.
7.05. பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு.

7.05 நினைவிருக்கிறது, அழுகுரல் தூரத்தில்.
6.40 கொஞ்சம், குழாய் விளக்கின் ஓரம்.
6.50ல் நான் எங்கே இருந்தேன்?

அதற்குக் கீழே என் கையெழுத்து.
ஜானெட்டா என்று தொடங்கி
பாதியில் வழுக்கி
கோட்டைத் தாண்டி, கட்டத்தைத் தாண்டி
தாளின் ஓரத்துக்கு இறங்கிப்போகிறது,
யாரோ முழங்கையைப் பிடித்து
நடத்திச் சென்றதுபோல.

பார்த்து எழுதினேன். நேராக வந்தது.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
இடது கைக்குப் பேனாவை மாற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன்.
எவ்வளவு முயன்றும்
விழித்திருப்பவளின் கையெழுத்தாகவே வருகிறது.

இன்னும் கால் மணி, என்றாள் அவள்.

பக்கத்திலேயே எழுதினேன்:
இந்த இடத்தில் கை நடுங்கியிருக்கிறது.

எழுந்து வந்து குனிந்தாள்.
கோப்பில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது,
இருப்பதை மட்டும்தான்.

இருக்கிறது, பாருங்கள், என்று
முப்பத்தொன்றாம் தாளை
அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

இரண்டடிக்க ஐந்து நிமிடம்.
கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து
அவள் போட்டுக்கொண்டாள்.